இலவசம் வேறு, சுதந்திரம் வேறு: மெய்நிகர் கணினியும் ஒரு பி.காம். கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு ஹைப்பர்வைசரோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாம் பிராக்டிகல் மார்க்குக்காக ஆரம்பித்தது.

போன செமஸ்டரில் எங்களுக்குக் கணினிக் கணக்கியல் பிராக்டிகல். அந்தக் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். என் மடிக்கணினியில் இருப்பதோ லினக்ஸ். வழித்துப் போட்டுவிட்டு விண்டோஸ் ஏற்றிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கணினி அறிவியல் படிக்கும் என் அறைத்தோழன் தலையிட்டான். "அதுக்கு எதுக்குடா லினக்ஸை அழிக்கணும்? உள்ளேயே ஒரு விண்டோஸ் ஓட்டு" என்றான். அரை மணி நேரத்தில் லினக்ஸுக்குள் ஒரு ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு முழு விண்டோஸ், அதற்குள் என் பேரேடு. வீட்டுக்குள் இன்னொரு வீடு கட்டிய மாதிரி. இதற்குப் பெயர்தான் மெய்நிகராக்கம், அதாவது வர்ச்சுவலைசேஷன்.

ஆசை அடங்கவில்லை. இன்னொரு நிறுவனத்தின் மெய்நிகராக்க மென்பொருளையும் நிறுவிப் பார்த்தேன். அது திறக்கவே மறுத்தது. பிராசஸரில் இருக்கும் வசதியை ஏற்கெனவே வேறொருவர் பிடித்து வைத்திருக்கிறார் என்று ஒரு செய்தி வந்தது. பஸ் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். :-)

துண்டு போட்டது யார், சீட்டு யாருடையது என்று தேடப் போனதில்தான் இந்தப் பதிவு பிறந்தது. கணினித் துறை நண்பர்கள் தவறு இருந்தால் திருத்துங்கள், கல் மட்டும் எறியாதீர்கள்.

முதலில் அந்தச் சீட்டைப் பார்ப்போம். ஒரே கணினியில் பல இயங்குதளங்களை ஓட்ட, அவற்றுக்கு அடியில் ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அதுதான் ஹைப்பர்வைசர். நம் வீட்டுக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகை பிராசஸர்கள் இந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. பென்டியம் பிராசஸரில் மட்டும் மேற்பார்வையாளருக்குத் தெரியாமல் நழுவிவிடும் கட்டளைகள் 17 இருந்தன என்று 2000-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. 1998-ல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் அதற்கு முன்பே, 1999-ல், அப்படிப்பட்ட கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்துச் சமாளிக்கும் மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டது. முடியாது என்று பலரும் நினைத்ததை முடித்துக் காட்டியது ஒரு மூடிய மூல நிறுவனம். இதை மறைத்துவிட்டுத் திறந்த மூலத்துக்குக் கொடி பிடிப்பது நியாயமில்லை.

பிறகு 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏஎம்டியும் பிராசஸருக்குள்ளேயே இந்த வசதியை வைத்தன. நான் சொன்ன சீட்டு அதுதான். ஒரு பிராசஸர் கோரில் ஒரு நேரத்தில் ஒரு ஹைப்பர்வைசர்தான் அந்தச் சீட்டில் உட்கார முடியும். லினக்ஸில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் கெர்னலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மென்பொருட்கள் தங்களுடைய சொந்த மாட்யூலைக் கெர்னலுக்குள் செருகி அதே சீட்டைக் கேட்கின்றன. 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 முதல், கேவிஎம் மாட்யூல் ஏற்றப்பட்ட உடனேயே அந்தச் சீட்டைப் பிடித்துக்கொள்வது இயல்பிருப்பாக மாறியது. முன்பெல்லாம் மெய்நிகர் கணினியை ஓட்டும்போதுதான் பிடிக்கும். ஆகவே சண்டை கூடிவிட்டது.

விண்டோஸிலும் இதே கதை உண்டு. அங்கே மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி இயங்கிக்கொண்டிருந்தால் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் ஓடாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்வைசரை மற்றவர்களும் பயன்படுத்த ஒரு வாசலைத் திறந்துவிட்ட பிறகு, 2020 மே மாதம் வந்த 15.5.5 பதிப்பில்தான் இது தீர்ந்தது. இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். லினக்ஸில் கேவிஎம் எப்படி வேலை செய்கிறது என்பதை யாரும் படிக்கலாம், அதன் வாசல் எல்லோருக்கும் பொது. விண்டோஸில் வீட்டுக்காரர் மனது வைத்துக் கதவைத் திறக்கும் வரை, விஎம்வேர் மாதிரி பெரிய நிறுவனமே வாசலில் நிற்க வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பச் சண்டை. இதற்கு மேல் வருவது என் பாடம்: காசு.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல்லைப் புழங்கிவிட்டு, எது எது என்று விளக்கியே அவர்களுக்குப் பாதி ஆயுள் போகிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. "இலவசம்" என்று ஒரு சொல், "கட்டற்ற" என்று இன்னொரு சொல். இரண்டு சொல் வைத்திருந்தும் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறோம் என்பதுதான் வேடிக்கை. இதைப் புரிந்துகொள்ள இரண்டு சம்பவங்கள் போதும். இரண்டிலும் நடந்த காரியம் ஒன்றுதான், முடிவுதான் வேறு.

முதல் சம்பவம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003-ல் வெளியான திறந்த மூல ஹைப்பர்வைசர் ஸென். அதை உருவாக்கியவர்கள் தொடங்கிய ஸென்சோர்ஸ் நிறுவனத்தை 2007-ல் சிட்ரிக்ஸ் சுமார் 50 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் ஸென்சர்வர் என்ற தயாரிப்பை 2013-ல் முழுவதும் திறந்த மூலமாக்கியது. நான்கு வருடம் கழித்து, 2017 டிசம்பரில் வந்த 7.3 பதிப்பில், இலவசமாக இருந்த பல வசதிகளைக் கட்டணப் பதிப்புக்கு மாற்றியது. இலவசப் பதிப்பில் மூன்று சர்வருக்கு மேல் ஒன்றாக இணைக்க முடியாது என்ற அளவுக்குப் போனது. பயனர்கள் கொதித்தார்கள்.

கொதித்ததோடு நிற்கவில்லை. பிரான்சில் உள்ள வாட்டஸ் என்ற சின்ன நிறுவனம், "மூலநிரல்தான் வெளியே இருக்கிறதே, நாமே கட்டுவோம்" என்று கிளம்பியது. மக்களிடம் கூட்டுநிதி திரட்டி, 2018 மார்ச் மாத முடிவில் எக்ஸ்சிபி-என்ஜி என்ற பெயரில் முதல் பதிப்பை வெளியிட்டுவிட்டது. பறிக்கப்பட்ட வசதிகள் திரும்பி வந்தன. இடைப்பட்ட காலம் நான்கு மாதத்துக்கும் குறைவு. இன்றும் அது ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது சம்பவம். விஎம்வேர் நிறுவனத்தை 2023 நவம்பர் 22 அன்று ப்ராட்காம் வாங்கி முடித்தது. 2022 மே மாதம் அறிவிப்பு வந்தபோது சொன்ன விலை சுமார் 6,100 கோடி டாலர், கடன்கள் தனி. வாங்கிய அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி சந்தா மட்டும்தான். 2024 பிப்ரவரியில், சிறிய நிறுவனங்களும் வீட்டில் கற்றுக்கொள்பவர்களும் பயன்படுத்தி வந்த இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-யும் நிறுத்தப்பட்டது.

இங்கேயும் பயனர்கள் கொதித்தார்கள். ஆனால் கொதித்து என்ன செய்ய? மூலநிரல் கையில் இல்லை. "நாமே கட்டுவோம்" என்று யாரும் கிளம்ப முடியாது. அமெரிக்காவின் ஏடி அண்ட் டி மாதிரி ராட்சத நிறுவனமே 2024 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றப் படியேறியது. அதன் சுமார் 8,600 சர்வர்களில் ஏறக்குறைய 75,000 மெய்நிகர் கணினிகள் விஎம்வேரில் ஓடிக்கொண்டிருந்தன. ஏற்கெனவே வாங்கிய நிரந்தர உரிமங்களுக்கான பராமரிப்பைப் புதுப்பிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கிறது என்பது அவர்கள் வாதம். தங்களிடம் கேட்கப்பட்ட உயர்வு ஆண்டுக்கு 1,050 சதவீதம் என்றும் சொன்னார்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. வக்கீல் வைத்து வாதாட வசதி இருக்கிறவர்களுக்குச் சரி. பத்து சர்வர் வைத்திருக்கும் ஒரு கூட்டுறவு வங்கியோ மருத்துவமனையோ எந்தப் படியேறும்?

கதை இன்னும் முடியவில்லை. 2024 மே மாதம் அதே ப்ராட்காம் ஒர்க்ஸ்டேஷன் ப்ரோ மென்பொருளைத் தனிநபர்களுக்கு இலவசமாக்கியது. நவம்பரில் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம் என்றது. 2025 ஏப்ரலில் நிறுத்திய இலவச ஈஎஸ்எக்ஸ்ஐ-யைத் திரும்பக் கொண்டு வந்தது. "பார்த்தாயா, நல்லவர்கள்தானே" என்றான் என் அறைத்தோழன். நான் சொல்ல வருவதே அதுதான். கொடுப்பதும் அவர்கள் விருப்பம், எடுப்பதும் அவர்கள் விருப்பம், திரும்பக் கொடுப்பதும் அவர்கள் விருப்பம். இதில் நம் பங்கு என்ன? கையை நீட்டுவதும் மடக்குவதும்தான். இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் இருக்கிற வித்தியாசம் இவ்வளவுதான்.

கணக்குப் பாடத்தில் கன்டிஞ்சென்ட் லையபிலிட்டி என்று ஒன்று படிக்கிறோம். இன்றைக்குக் கடன் இல்லை, ஆனால் நாளை ஏதாவது ஒன்று நடந்தால் கடனாகிவிடும். நண்பன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி. இருப்புநிலைக் குறிப்பின் தொகைக்குள் அது வராது, ஆனால் அடிக்குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். மூடிய மூல மென்பொருளின் மேல் ஒரு நிறுவனம் தன் எல்லா சர்வர்களையும் ஏற்றி வைக்கும்போது, அப்படி ஒரு பொறுப்பில் கையெழுத்துப் போடுகிறது. உரிமத்தின் விலை கணக்கில் வரும். உரிமையாளர் மனம் மாறினால் வரும் செலவு எந்த அடிக்குறிப்பிலும் வருவதில்லை. பொறியாளர்கள் மென்பொருளின் வேகத்தை ஒப்பிடுகிறார்கள், மேலாளர்கள் விலையை ஒப்பிடுகிறார்கள், இந்த மூன்றாவது பத்தியை நிரப்ப ஆளில்லை. அது எங்கள் வேலை, வணிகவியல் படிக்கிறவர்கள் வேலை என்று நினைக்கிறேன்.

எதிர்த்தரப்புக்கும் நியாயமான கேள்விகள் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போக விரும்பவில்லை.

"திறந்த மூலத்திலும் கம்பெனிதானே உட்கார்ந்திருக்கிறது?" உண்மைதான். கேவிஎம்மை எழுதத் தொடங்கியதே கும்ராநெட் என்ற இஸ்ரேலிய நிறுவனம். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20-ல் அது சேர்ந்தது. 2008-ல் கும்ராநெட்டை ரெட் ஹேட் 10 கோடியே 70 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் மேல் கட்டிய ரெட் ஹேட் வர்ச்சுவலைசேஷன் என்ற தயாரிப்பைப் பின்னாளில் அந்த நிறுவனமே கைவிட்டு, வாடிக்கையாளர்களை வேறு தயாரிப்புக்கு நகர்த்தியது. வர்ச்சுவல்பாக்ஸும் இன்னொரு உதாரணம். 2007-ல் ஜெர்மனியின் இன்னோடெக் அதன் அடிப்படை நிரலை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. பிறகு அது சன் கைக்கும் 2010-ல் ஆரக்கிள் கைக்கும் போனது. இன்றும் அடிப்படை மென்பொருள் திறந்த மூலம். ஆனால் கூடவே வரும் எக்ஸ்டென்ஷன் பேக் வேறு உரிமத்தில் வருகிறது. அது சொந்த உபயோகத்துக்கு இலவசம், நிறுவனத்துக்குக் கட்டணம். ஒரே திரையில் இரண்டு உரிமம். படிக்காமல் பொத்தானை அழுத்துகிறவர் மாட்டிக்கொள்வார். ஆக, "திறந்த மூலம்" என்று பலகையில் எழுதியிருந்தால் மட்டும் போதாது, எந்தப் பகுதி வரைக்கும் என்று பார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ரெட் ஹேட் தன் தயாரிப்பைக் கைவிட்டபோது கேவிஎம் சாகவில்லை. அது லினக்ஸோடு இருக்கிறது. அமேசான் 2017-லிருந்து தன் புதிய கிளவுட் சர்வர்களைக் கேவிஎம் அடிப்படையில் கட்டுகிறது. ஆஸ்திரியாவின் ப்ராக்ஸ்மாக்ஸும் அதன் மேல்தான் நிற்கிறது.

"திறந்த மூல உரிமத்தை மீறினால் யார் கேட்பது?" இதுவும் கடினமான கேள்விதான். லினக்ஸ் கெர்னலில் பங்களித்த கிறிஸ்டோஃப் ஹெல்விக், தன் நிரலை விஎம்வேர் ஜிபிஎல் நிபந்தனையை மீறிப் பயன்படுத்துகிறது என்று 2015-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2016-ல் தள்ளுபடி. 2019-ல் மேல்முறையீடும் தள்ளுபடி. எந்தெந்த வரி அவருடையது என்பதைப் போதுமான அளவு நிரூபிக்கவில்லை என்பதே காரணம், உரிமம் செல்லாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. தீர்ப்புக்குப் பிறகு விஎம்வேர் அந்தச் சர்ச்சைக்குரிய பகுதியைத் தன் தயாரிப்பிலிருந்து நீக்கப்போவதாகச் சொன்னது. வழக்கில் தோற்றவர் கேட்டதில் கொஞ்சம் நடந்தது. என்றாலும் தனி ஆள் கம்பெனியோடு மோதுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதுவே சாட்சி.

"அப்படியானால் இரண்டு பேரும் எப்போதும் சண்டைதானா?" இல்லை. 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், ஹைப்பர்-வி மேல் லினக்ஸ் நன்றாக ஓடுவதற்கான சுமார் 20,000 வரி நிரலை ஜிபிஎல் உரிமத்தில் லினக்ஸுக்குக் கொடுத்தது. அந்த நிரலில் ஏற்கெனவே ஜிபிஎல் பகுதிகளோடு மூடிய பகுதிகள் கலந்திருப்பதை லினக்ஸ் பொறியாளர் ஒருவர் சுட்டிக்காட்டிய பின்புலமும் அதற்கு உண்டு. தானாகக் கொடுத்ததோ தள்ளிவிட்டுக் கொடுத்ததோ, பலன் எல்லோருக்கும். இதைவிடச் சுவாரஸ்யமானது 2024 அக்டோபரில் நடந்தது. லினக்ஸில் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனைத் தன் சொந்த மாட்யூலை விட்டுவிட்டு கேவிஎம் மேல் ஓட்டும் முயற்சிக்கான மாற்றங்களை ப்ராட்காம் தரப்பிலிருந்தே கெர்னல் பொறியாளர்களுக்கு அனுப்பினார்கள். ஆரம்பத்தில் சொன்ன துண்டு போடும் சண்டை நினைவிருக்கிறதா? ஒவ்வொரு முறை கெர்னல் மாறும்போதும் தனி மாட்யூலை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிடப் பொதுச் சீட்டில் உட்காருவது மலிவு. கொள்கைக்காக இல்லை, கணக்குக்காகத்தான் வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான்.

என் அறைத்தோழன் ஒரு மூடிய மூல ஹைப்பர்வைசருக்கான சான்றிதழ் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். கட்டணத்துக்காக அவன் அப்பா கடன் வாங்கியிருக்கிறார். "வேலை அதுலதான்டா இருக்கு. உன் கொள்கை சோறு போடுமா?" என்று டீக்கடையில் கேட்டான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. உலகத்தின் எத்தனையோ டேட்டா சென்டர்கள் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. தேர்வை எழுது என்றுதான் சொன்னேன். ஆனால் மெமரியை எப்படிப் பங்கிடுவது, ஓடுகிற கணினியை நிறுத்தாமல் எப்படி இடம் மாற்றுவது, சேமிப்பகத்தை எப்படி இணைப்பது என்ற அடிப்படையைக் கேவிஎம்மில் கற்றுக்கொள் என்றேன். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், எந்தப் பதிப்பு எப்போது இலவசம் என்று காத்திருக்கவும் வேண்டாம். பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைப் பிறகு ஒரு மாதத்தில் படித்துக்கொள்ளலாம். கருத்தைக் கற்றவனுக்குக் கம்பெனி மாறினாலும் கவலையில்லை. பொத்தானை மட்டும் கற்றவன், அந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலோடு சேர்ந்து ஏறி இறங்க வேண்டியதுதான்.

கல்லூரி லேப்களுக்கும் இதையே சொல்வேன். மாணவர்களுக்கு இலவசம் என்று எந்த நிறுவனம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே ஒரு கேவிஎம்மோ ப்ராக்ஸ்மாக்ஸோ ஓடட்டும். நாளை சலுகை நின்றால் லேப் நிற்கக் கூடாது.

என் பேரேடு இப்போதும் அந்த ஜன்னலுக்குள்தான் இருக்கிறது. பிராக்டிகலில் பாஸ் ஆகிவிட்டேன், மார்க்கைக் கேட்காதீர்கள். ஆனால் இப்போதெல்லாம் எந்த மென்பொருளை நிறுவும் முன்னும் விலை என்ன என்பதோடு இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: இதன் சொந்தக்காரர் நாளைக் காலையில் மனம் மாறினால், என்னால் என்ன செய்ய முடியும்? ஒன்றும் செய்ய முடியாது என்பது பதிலானால், இலவசமாகக் கிடைத்தாலும் அதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை அடிக்குறிப்பில் எழுதி வைத்துவிட்டே நிறுவுங்கள்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சொல்லலாம். சண்டைக்கு நான் தயார், அடுத்த வாரம் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை முடியட்டும். :-)